அழைப்புக் குறிகளை வரிசைப்படுத்திய கதை

ஐந்து துண்டுச் சீட்டுகளை எடுத்துக் கொள்ளுங்கள். முதல் சீட்டில் டபிள்யூ-1-ஏடபிள்யூ என்று எழுதுங்கள். இரண்டாவதில் வியு-2-ஆர்ஜி. மூன்றாவதில் கே-7-யுஜிஏ. நான்காவதில் ஜேஒய்-1. ஐந்தாவதில் 4யு-1-ஐடியு. ஆங்கில எழுத்துகளின் பெயர்களை நான் இங்கே தமிழில் தந்திருக்கிறேன். நீங்கள் சீட்டில் ஆங்கில எழுத்துகளாகவே எழுதிக் கொள்ளுங்கள். இடையில் உள்ள சிறு கோடுகள் படிப்பதற்கு எளிதாக இருக்கட்டும் என்று நான் போட்டவை. உண்மையில் அவை கிடையா. எழுத்தும் எண்ணும் ஒட்டியே நிற்கும். இனி இச்சீட்டுகளை வரிசைப்படுத்துங்கள் பார்க்கலாம்.

எந்த வரிசையில் என்று கேட்கத் தோன்றுகிறதல்லவா? அந்தக் கேள்விக்கு விடை தேடி ஏறத்தாழ நூறு ஆண்டுகளாக மனிதர்களும் இயந்திரங்களும் பட்ட பாடுதான் இக்கட்டுரையின் பொருள்.

இவை அமெச்சூர் வானொலி நிலையங்களின் அழைப்புக் குறிகள். ஊதியம் கருதாமல், ஆர்வம் ஒன்றையே முதலாகக் கொண்டு, அரசு நடத்தும் தேர்வில் தேறி, உரிமம் பெற்று, சொந்தமாக ஒலிபரப்பியும் ஏற்பியும் வைத்துக் கொண்டு உலகத்தோடு பேசுகிறவர்களை அமெச்சூர்கள் என்றும், செல்லமாக 'ஹாம்' என்றும் அழைப்பார்கள். உலகில் ஒருவருக்குள்ள குறி இன்னொருவருக்கு இராது. நம் சீட்டுகளில் முதலாவது, அமெரிக்க அமெச்சூர் கழகத்தின் தலைமை நிலையம். கனெக்டிகட் மாநிலத்தில் நியூவிங்டன் என்ற ஊரில் இருக்கிறது. இரண்டாவது நம் முன்னாள் பிரதமர் ராஜீவ் காந்தியின் குறி. மூன்றாவது, 1964-ல் அமெரிக்க அதிபர் பதவிக்குப் போட்டியிட்ட செனட்டர் பாரி கோல்ட்வாட்டருடையது. நான்காவது ஜோர்டான் மன்னர் ஹுசேனுடையது. மன்னர் என்பதால் எண்ணுக்குப் பின்னால் எழுத்தே இல்லை! ஐந்தாவது ஜெனீவாவில் உள்ள பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் நிலையம்.

எண் முன்னே நின்ற காலம்

1912-க்கு முன் அமெரிக்காவில் உரிமம் என்ற பேச்சே இல்லை. கம்பிச் சுருளும் தீப்பொறி இடைவெளியும் கொண்டு யார் வேண்டுமானாலும் நிலையம் அமைக்கலாம். தனக்குப் பிடித்த இரண்டு மூன்று எழுத்துகளைத் தானே பெயராகச் சூட்டிக் கொள்ளலாம். ஒரே ஊரில் இருவர் ஒரே பெயரைச் சூட்டிக் கொண்டால் கேட்பாரில்லை. கப்பல் நிலையங்களின் நடுவே இவர்கள் புகுந்து குழப்புகிறார்கள் என்ற புகாரும் இருந்து வந்தது. 1912 ஏப்ரலில் டைட்டானிக் கப்பல் மூழ்கியது. அவ்வாண்டு ஆகஸ்டில் அமெரிக்காவில் வானொலிச் சட்டம் பிறந்தது.

அச்சட்டம் அமெச்சூர்களை 200 மீட்டரும் அதற்குக் குறைந்ததுமான அலைநீளங்களுக்குத் துரத்தியது. அலைநீளம் கூடக்கூடத்தான் தூரமும் கூடும் என்று அறிஞர்கள் நம்பிய காலம் அது. ஆகவே 200 மீட்டருக்குக் கீழே ஒன்றுக்கும் உதவாத தரிசு நிலம் என்று கருதி அதைத் தானமாகக் கொடுத்தார்கள். அந்தத் தரிசில் பின்னால் என்ன விளைந்தது என்பதைச் சற்றுப் பொறுத்துக் காண்போம்.

நாடு ஒன்பது வானொலி வட்டாரங்களாகப் பிரிக்கப்பட்டது. பாஸ்டன் 1, நியூயார்க் 2 என்று தொடங்கி, சான்பிரான்சிஸ்கோ 6, சியாட்டில் 7, சிகாகோ 9 என்று முடியும். அமெச்சூரின் குறியில் முதலில் வட்டார எண். பிறகு இரண்டு எழுத்துகள். 1-ஏடபிள்யூ என்றால் பாஸ்டன் வட்டாரத்தில் ஏடபிள்யூ. எழுத்துகளில் முதலாவது எக்ஸ் என்றால் ஆராய்ச்சி நிலையம், ஒய் என்றால் கல்விக்கூடம், இசட் என்றால் தனிச் சலுகை பெற்ற அமெச்சூர். மீதி 23 எழுத்துகளும், அடுத்த இடத்துக்கு 26 எழுத்துகளும் சேர்ந்தால் ஒரு வட்டாரத்துக்கு 598 பேருக்கு மட்டுமே பெயர் கொடுக்க முடியும். விரைவிலேயே அது போதாமல், மூன்று எழுத்துகள் வழங்கலாயினர்.

இந்தக் குறியில் ஒரு நயம் உண்டு. அகராதியில் சொற்களை அடுக்குவது போல, இடமிருந்து வலமாக ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிட்டு அடுக்கினாலே போதும்; வட்டாரம் வட்டாரமாகப் பட்டியல் தானே பிரிந்து விடும். எது பெரும் பிரிவோ அது முன்னால் நிற்கிறது. எது சிறு பிரிவோ அது பின்னால் வருகிறது. 1913 முதல் அமெரிக்க அரசு அச்சிட்டு வெளியிட்ட நிலையப் பட்டியல்கள் வட்டார வாரியாக அமைந்தவையே. வரிசைப்படுத்துவது என்பது அன்று ஒரு சிக்கலாகவே யாருக்கும் தோன்றவில்லை.

கடல் தாண்டியதும் வந்த குழப்பம்

ஹிராம் பெர்சி மாக்சிம் என்ற பொறியியலாளர் கனெக்டிகட்டில் ஹார்ட்ஃபோர்டு நகரில் வாழ்ந்தார். 1914 ஏப்ரலில் ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஸ்பிரிங்ஃபீல்டுக்கு ஒரு செய்தி அனுப்ப முயன்றார், எட்டவில்லை. இடைவழியில் இருந்த வேறோர் அமெச்சூர் அதை வாங்கி அப்பால் அனுப்பினார். நிலையத்துக்கு நிலையம் செய்தியைக் கைமாற்றினால் நாடு முழுவதும் எட்டலாமே என்ற எண்ணம் அதிலிருந்து பிறந்தது. அமெரிக்க அமெச்சூர் கழகம் அவ்வாண்டே தொடங்கியது. கைமாற்ற வேண்டுமானால் யார் எங்கே இருக்கிறார் என்று தெரிந்திருக்க வேண்டும். எனவே நிலையப் பட்டியல்தான் அக்கழகத்தின் முதல் தேவைகளுள் ஒன்றாயிற்று.

தரிசு நிலத்துக்கு வருவோம். 1921 டிசம்பரில் பால் காட்லி என்ற அமெரிக்கர் ஸ்காட்லாந்தின் ஆர்ட்ராசன் கடற்கரையில் கூடாரம் அடித்து, நீண்ட கம்பியைக் கட்டி, அட்லாண்டிக்குக்கு அப்பாலிருந்து வந்த அமெச்சூர் குறிகளைக் கேட்டார். 1923 நவம்பரில் பிரான்சின் நீஸ் நகரிலிருந்து லியோன் டெலாய், 8-ஏபி என்ற குறியுடன், கனெக்டிகட்டிலிருந்த பிரெட் ஷ்னெல்லுடன் இருவழித் தொடர்பு கொண்டார். ஷ்னெல்லின் குறி 1-எம்ஓ. அலைநீளம் ஏறத்தாழ 110 மீட்டர். சிற்றலைகள் வானில் உயரே உள்ள அயனி மண்டலத்தால் திருப்பப்பட்டு நெடுந்தொலைவு செல்லும் என்பதை, உதவாத நிலத்தைப் பெற்றவர்களே உலகுக்குக் காட்டினார்கள்.

மறு ஆண்டு நடந்தது இன்னும் சுவையானது. 1924 அக்டோபர் 18-ந் தேதி, லண்டனில் மில் ஹில் பள்ளி நிலையத்தை இயக்கிய சிசில் காய்டர் என்ற பதினெட்டு வயது மாணவர், நியூசிலாந்தின் தென் தீவில் ஷாக் பள்ளத்தாக்கிலிருந்த பிராங்க் பெல்லுடன் பேசினார். பூமி உருண்டையின் ஏறத்தாழ நேர் எதிர்ப்புறம் அது! இந்த மாணவர் பின்னால் 1936-ல் அகில இந்திய வானொலியின் தலைமைப் பொறியாளராக நம் நாட்டுக்கு வந்தார். 1938-ல் சென்னை நிலையமும் 1939-ல் திருச்சி நிலையமும் ஒலிபரப்பத் தொடங்கியது அவர் பொறுப்பிலிருந்த நாட்களில்தான்.

இனிக் குழப்பத்தைப் பாருங்கள். காய்டரின் பள்ளி நிலையம் 2-எஸ்இசட். ஆனால் 2 என்பது நியூயார்க் வட்டாரமும் ஆயிற்றே! டெலாயின் 8 பிரான்சில் எல்லா அமெச்சூர்களுக்கும் வழங்கப்பட்ட எண். அதுவே அமெரிக்காவில் டெட்ராய்ட் பக்கத்து வட்டாரம். இந்தியாவில் 1921-ல் முதன்முதலாக உரிமம் பெற்ற அமெச்சூர் எனப்படும் அமரேந்திர சந்திர குப்தாவின் குறி 2-ஜேகே. அது காதில் விழுந்தால் கல்கத்தாவா, லண்டனா, நியூயார்க்கா என்று யார் சொல்ல முடியும்? 1912-ல் சட்டம் எழுதியவர்கள்மேல் குறை சொல்வதற்கில்லை. அமெச்சூரின் அலை அடுத்த மாநிலத்தை எட்டினாலே அதிகம் என்று எண்ணியவர்களுக்கு, நாட்டின் பெயரையும் குறியில் சேர்க்க வேண்டும் என்று எப்படித் தோன்றும்?

சில ஆண்டுகள் அமெச்சூர்கள் தாங்களே நாட்டுக்கு ஓர் எழுத்தை முன்னால் ஒட்டிச் சமாளித்தார்கள். 1927-ல் வாஷிங்டனில் கூடிய பன்னாட்டு வானொலித் தந்தி மாநாடு இதை முறைப்படுத்தியது. நாட்டைக் குறிக்க ஒன்றோ இரண்டோ எழுத்து. பின் ஓர் எண். அதன்பின் மூன்றுக்கு மேற்படாத எழுத்துகள். 1929 தொடக்கத்திலிருந்து இது நடைமுறை. அமெரிக்காவுக்கு டபிள்யூவும் கேயும் கிடைத்தன. பிரிட்டிஷ் பேரரசின் பங்காகிய வி-யில் இந்தியாவுக்கு வியு வந்தது, இலங்கைக்கு விஎஸ்-7. இரண்டாம் உலகப் போருக்குப் பின் நாடுகள் பெருகின, எழுத்துகள் போதவில்லை. 1947-ல் அட்லாண்டிக் சிட்டி மாநாடு எண்ணில் தொடங்கும் முன்னொட்டுகளையும் அனுமதித்தது. இலங்கை 4எஸ்-7 ஆயிற்று. சிங்கப்பூர் பின்னால் 9வி ஆயிற்று.

நாடு எது என்ற குழப்பம் தீர்ந்தது. ஆனால் 1912-ன் நயம் போயிற்று. வட்டார எண் முன்னாலிருந்து நடுவுக்குத் தள்ளப்பட்டுவிட்டது. அதுவும் நிலையான இடத்தில் இல்லை. டபிள்யூ-1-ஏடபிள்யூவில் எண் இரண்டாம் இடம்; வியு-2-ஆர்ஜியில் மூன்றாம் இடம்; 4யு-1-ஐடியுவிலோ முதலிடத்திலும் ஓர் எண், மூன்றாம் இடத்திலும் ஓர் எண். எது பிரிக்கும் எண், எது நாட்டின் பெயரில் ஒரு பகுதி என்பதை ஆராய்ந்துதான் அறிய வேண்டும். அடுக்குகிறவனுக்குத் தலைவலி இங்கே தொடங்குகிறது.

அட்டைகளும் பெட்டிகளும்

அமெச்சூர்கள் ஒருவரோடொருவர் முதன்முறை பேசினால் அதற்குச் சான்றாக அஞ்சலட்டை அளவில் ஓர் அட்டை அனுப்புவது வழக்கம். கியூஎஸ்எல் அட்டை என்பார்கள். தனித்தனியே அஞ்சல் தலை ஒட்டி வெளிநாட்டுக்கு அனுப்பினால் கட்டுப்படியாகாது. ஆகவே ஒவ்வொரு நாட்டிலும் கழகங்கள் அட்டை நிலையங்களை நடத்துகின்றன. மூட்டை மூட்டையாக வரும் அட்டைகளைத் தொண்டர்கள் பிரித்து உரியவர்களுக்கு அனுப்புவார்கள்.

அமெரிக்காவில் அவர்கள் பிரிக்கும் முறையைக் கவனியுங்கள். முதலில் வட்டார எண்ணைப் பார்ப்பார்கள். அடுத்து, எண்ணுக்குப் பின்னால் வரும் முதல் எழுத்தைப் பார்ப்பார்கள். குறியின் தொடக்க எழுத்தை முதலில் பார்ப்பதே இல்லை! ஏன்? அமெரிக்கக் குறிகள் பெரும்பாலும் டபிள்யூவிலோ கேயிலோ தொடங்கின. என்னும் ஏயும் பின்னால் சேர்ந்தன. தொடக்க எழுத்தை வைத்துப் பிரித்தால் இரண்டு பெட்டிகள் நிரம்பி வழியும். மற்றவை காலியாகக் கிடக்கும். பின்னொட்டின் முதல் எழுத்தோ 26 பெட்டிகளிலும் ஓரளவு பரவி விழும். எந்த இடத்து எழுத்து நமக்குப் புதிய செய்தி தருகிறதோ அந்த இடத்தைப் பார்த்துப் பிரி என்பதை, செய்திக் கோட்பாடு படிக்காத தொண்டர்கள் கைப்பழக்கத்தில் கண்டுகொண்டார்கள். எனக்கு இது மிகவும் பிடித்த இடம்.

போட்டிகளிலும் இதே கதைதான். 48 மணி நேரம் இடைவிடாமல் நடக்கும் போட்டிகள் உண்டு. ஓர் அலைவரிசைப் பட்டையில் ஒரு நிலையத்தோடு ஒருமுறை பேசினால்தான் புள்ளி. மறந்துபோய் மறுமுறை பேசி அதையும் கணக்கில் சேர்த்தால், தண்டனையாகக் கூடுதல் புள்ளிகளைக் கழிக்கும் விதியும் சில போட்டிகளில் இருந்தது. இரண்டாயிரம் பேரோடு பேசியபின், ஒருவர் அழைக்கிறார். இவரோடு முன்பே பேசினோமா? குறிப்பேட்டை முதலிலிருந்து புரட்டுவதற்குள் அவர் போய்விடுவார். எனவே பெரிய தாளில் கட்டம் போட்டார்கள். வட்டார எண் ஒரு புறம், பின்னொட்டின் முதல் எழுத்து மறுபுறம். 10 எண்களுக்கும் 26 எழுத்துகளுக்கும் 260 கட்டங்கள். இரண்டாயிரம் குறிகள் சீராகப் பரவினால் கட்டத்துக்கு எட்டுக்கும் குறைவு. காதில் வாங்கிய கணத்தில் கண் அந்தக் கட்டத்துக்குப் போய்விடும்.

அழைப்புக் குறியை அடுக்குவது விளையாட்டுக் காரியம் என்று நினைத்துவிடாதீர்கள். 1939 இலையுதிர் காலத்தில், இங்கிலாந்தின் பிளெட்ச்லி பார்க்கில் கோர்டன் வெல்ச்மன் என்ற கேம்பிரிட்ஜ் கணித ஆசிரியரிடம் ஜெர்மன் படையின் வானொலிச் செய்திகள் கொடுக்கப்பட்டன. உள்ளடக்கம் இரகசியக் குறியீட்டில் இருந்ததால் படிக்க முடியாது. படிக்க முடிந்தவை நிலையங்களின் அழைப்புக் குறிகளும் செய்தித் தலைப்பில் வரும் சில அடையாள எழுத்துகளுமே. அவர் அவற்றைப் பொறுமையாகப் பிரித்து அடுக்கி, எந்த நிலையம் எதனோடு சேர்ந்தது என்று வலைகளாக வகுத்தார். வலைகளுக்கு வண்ணப் பென்சில்களின் பெயர்களே பெயர்களாயின: சிவப்பு, நீலம், பச்சை. ஒரு சொல்கூடப் படிக்காமல் ஒரு படையின் அமைப்பே தாளில் தோன்றத் தொடங்கியது. அதே போர்க்காலத்தில், உரிமம் நிறுத்தப்பட்டிருந்த பிரிட்டிஷ் அமெச்சூர்கள் பலர் வீட்டிலிருந்தே பகை நிலையங்களை ஒட்டுக்கேட்கும் தொண்டர்களாகச் சேர்த்துக் கொள்ளப்பட்டனர்.

இயந்திரம் வந்தது

1890-ல் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஹெர்மன் ஹோலரித்தின் துளையட்டைகள் பயன்பட்டதை நீங்கள் படித்திருப்பீர்கள். அவ்வழியில் வளர்ந்த அட்டை பிரிக்கும் இயந்திரம் ஒரே சமயத்தில் ஒரு நெடுவரிசையை மட்டுமே பார்க்கும். அதில் உள்ள துளைக்கு ஏற்ப அட்டையைப் பதின்மூன்று அறைகளுள் ஒன்றில் போடும். ஓர் எண் என்றால் ஒரு துளை. ஓர் எழுத்து என்றால் இரண்டு துளைகள். எனவே எழுத்துள்ள நெடுவரிசைக்கு அட்டைக் கட்டை இருமுறை ஓட்ட வேண்டும்.

அழைப்புக் குறிகளை இதில் அடுக்குவதாக வைத்துக் கொள்வோம். முன்னொட்டுக்கு 2, எண்ணுக்கு 1, பின்னொட்டுக்கு 3 என நெடுவரிசைகள். எழுத்து வரிசைகள் ஐந்துக்கும் பத்து ஓட்டம், எண்ணுக்கு ஒன்று. மொத்தம் பதினோர் ஓட்டம். ஐபிஎம் 82 என்ற இயந்திரம் நிமிடத்துக்கு 650 அட்டைகளை விழுங்கும். பத்தாயிரம் அட்டைகள் என்றால், நடுவில் நிற்காமல் ஓடினாலும், மூன்று மணிக்குப் பத்து நிமிடம்தான் குறையும்.

இதில் மாணவர்கள் வியக்க வேண்டிய ஒன்று உண்டு. வட்டார எண்தான் முக்கியம் என்றால் அதைக் கடைசியில் ஓட்ட வேண்டும்! முதலில் முக்கியம் குறைந்த முன்னொட்டு, பிறகு பின்னொட்டின் மூன்றாம் எழுத்து, இரண்டாம் எழுத்து, முதல் எழுத்து, இறுதியில் எண். ஒவ்வோர் ஓட்டமும் முந்தைய ஓட்டத்தின் வரிசையைக் கலைக்காமல் காப்பாற்றுவதால் இது பலிக்கிறது. மூன்று இலக்க எண்கள் எழுதிய இருபது சீட்டுகளை வைத்து, ஒன்றின் இடத்திலிருந்து தொடங்கிச் செய்து பாருங்கள். மந்திரம் போல் இருக்கும்.

துளையட்டையில் எண்ணின் இடம் மாறுவது சிக்கலாகவில்லை என்பதைக் கவனித்தீர்களா? துளையிடும் மனிதர் குறியைப் பார்த்ததும் இது முன்னொட்டு, இது எண் என்று பிரித்து உரிய நெடுவரிசையில் இட்டுவிடுவார். அறிவுள்ள வேலையை மனிதர் செய்தார். ஓடும் வேலையை இயந்திரம் செய்தது. கணிப்பொறியில் குறியை ஒரே தொடராகத் தட்டச்சு செய்யத் தொடங்கியபோதுதான் அந்த அறிவையும் இயந்திரத்துக்கே ஊட்ட வேண்டியதாயிற்று.

அதற்கு முன் இன்னொரு தொல்லை. கணிப்பொறிக்கு எழுத்து என்பதும் ஓர் எண்தான். 1963-ல் வகுக்கப்பட்ட ஆஸ்கி முறையில் எண்களின் மதிப்பு எழுத்துகளைவிடக் குறைவு. 1964-ல் ஐபிஎம் நிறுவனம் தன் 360 வகைக் கணிப்பொறிகளோடு கொண்டுவந்த எப்சிடிக் முறையில் எழுத்துகளின் மதிப்பு எண்களைவிடக் குறைவு. நம் ஐந்து சீட்டுகளை ஆஸ்கி இயந்திரத்திடம் கொடுத்தால் 4யு-1-ஐடியு முதலில் நிற்கும். எப்சிடிக் இயந்திரத்திடம் கொடுத்தால் அதுவே கடைசியில் நிற்கும். இரண்டும் கணக்குப் பிசகாமல்தான் செய்கின்றன. நம் தமிழுக்கும் இந்தத் தொல்லை உண்டு. யூனிகோடு அட்டவணையில் நகரத்துக்கு அடுத்த இடம் னகரத்துக்கு. அரிச்சுவடியிலோ னகரம் கடைசி மெய். ஆகவே குறியெண்ணை மட்டும் பார்த்து அடுக்கும் நிரல் எதுவும் தமிழ் அகராதி வரிசையைத் தராது.

1970-களின் இறுதியில் வீட்டுக் கணிப்பொறிகள் வந்தன. 1981-ல் ஐபிஎம் பிசி வந்தது. சாலிடர் இரும்பு பிடித்துப் பழகிய அமெச்சூர்கள் முதல் வரிசையில் நின்று அவற்றை வாங்கினார்கள் என்பதில் வியப்பில்லை. 1983-ல் வெளிவந்த டாஸ் இரண்டாம் பதிப்பில் 'சார்ட்' என்ற சிறிய கட்டளை இருந்தது. ஒரு கோப்பின் வரிகளை வாங்கி அடுக்கித் தரும். எத்தனையாவது எழுத்திலிருந்து ஒப்பிட வேண்டும் என்றும் சொல்லலாம். இரண்டாம் எழுத்திலிருந்து என்று சொன்னால் டபிள்யூ-1-ஏடபிள்யூவுக்குச் சரி. வியு-2-ஆர்ஜிக்கு யு-விலிருந்து ஒப்பிட்டுக் கெடுத்துவிடும். மூன்றாம் எழுத்திலிருந்து என்றால் முதலாவது கெட்டது. பொதுவான நிரல் இங்கே கை விரித்துவிடுகிறது. இதனால்தான் அமெச்சூர்கள் தங்களுக்கென்று சின்னஞ்சிறு நிரல்களைத் தாங்களே எழுதிக் கொள்ள நேர்ந்தது.

நாமும் ஒன்று எழுதுவோம். அடுக்கும் முறையைத் தொடவே வேண்டாம். 1959-ல் டொனால்டு ஷெல் வெளியிட்ட முறையோ, 1961-ல் ஹோர் வெளியிட்ட விரைவு முறையோ இருக்கட்டும். பக்கத்துப் பக்கத்துக் குறிகளை ஒப்பிட்டு இடம் மாற்றும் குமிழி முறை மட்டும் வேண்டாம். ஆயிரம் குறிகளுக்கு அது 4,99,500 ஒப்பீடுகள் வரை போகும். பேசிக் மொழியில் ஓடும் சிறிய இயந்திரம் விநாடிக்கு நூறு ஒப்பீடு செய்வதாகக் கொண்டால் எண்பது நிமிடத்துக்கு மேல் ஆகும். நல்ல முறைகள் பத்தாயிரம் ஒப்பீடு அளவில், ஓரிரு நிமிடங்களில் முடிக்கும்.

நம் வேலை, ஒவ்வொரு குறிக்கும் ஒரு 'திறவுகோல்' செய்து கொடுப்பதே. குறியை வலக்கோடியிலிருந்து இடப்புறமாகப் படித்து வாருங்கள். முதலில் எதிர்ப்படும் எண்தான் பிரிக்கும் எண். இடப்புறத்திலிருந்து தேடினால் 4யு-1-ஐடியுவில் 4-ல் ஏமாந்து போவோம். வலப்புறத்திலிருந்து தேடினால் 1 சரியாகக் கிடைக்கும். எண்ணை முதலில் வையுங்கள், அடுத்துப் பின்னொட்டை வைத்து, மூன்று இடம் நிரம்பும்வரை வெற்றிடம் சேருங்கள், கடைசியில் முன்னொட்டு. பின்னர்த் திறவுகோல்களை ஆஸ்கி வரிசையில் அடுக்குங்கள். ஜேஒய்-1-க்குப் பின்னொட்டு இல்லை; மூன்று வெற்றிடங்கள். வெற்றிடத்தின் மதிப்பு எல்லாவற்றினும் குறைவாதலால் மன்னர் முதலில் வந்து அமர்கிறார். பிறகு டபிள்யூ-1-ஏடபிள்யூ, 4யு-1-ஐடியு, வியு-2-ஆர்ஜி, கே-7-யுஜிஏ. முடிந்தது.

முடிந்ததா? 2014-ல் அமெரிக்கக் கழகத்தின் நூற்றாண்டு விழாவில் அதன் தலைமை நிலையக் குறியை ஐம்பது மாநிலங்களிலும் மாற்றி மாற்றிப் பயன்படுத்தினார்கள். நான்காம் வட்டாரத்தில் இயங்கும்போது குறியின் இறுதியில் சாய்கோடு போட்டு 4 என்று சேர்ப்பது முறை. நம் நிரல் வலப்புறத்திலிருந்து தேடி, அந்த 4-ஐப் பிடித்துக் கொண்டு, முழுக் குறியையும் முன்னொட்டு என்று வைத்துவிடும்! சாய்கோட்டை முதலில் வெட்டி எடுக்க வேண்டும். மூன்று இடம் என்று நாம் வைத்ததும் போதாது. 2003-ல் நடந்த உலக வானொலி மாநாடு பின்னொட்டை நான்கு இடம் வரை நீட்டிவிட்டது. கடைசி இடம்தான் எழுத்தாக இருக்க வேண்டும் என்பதால் நடுவில் எண் புகவும் இடமுண்டு. ஓ என்ற எழுத்தையும் சுழியையும் மாற்றித் தட்டியவர்கள் செய்யும் கூத்து தனி. 1946-ல் அமெரிக்காவில் பத்தாவது வட்டாரத்துக்குச் சுழியைக் கொடுத்ததிலிருந்து அது தொடர்கிறது. சுழிக்குப் பதில் ஓ விழுந்தால் குறியில் எண்ணே இராது. நிரல் தேடித் தேடி எல்லை தாண்டி விழும். வகுப்பில் அடுக்கும் முறைகளைக் கற்பிக்க எல்லாரும் மதிப்பெண் பட்டியலையே எடுக்கிறோம். அழைப்புக் குறிகளை எடுத்தால் மாணவர்களுக்கு உலகம் எவ்வளவு ஒழுங்கற்றது என்பதும் சேர்ந்து புரியும்.

நாடு வாரியாக அடுக்குவது இன்னொரு கதை. அதற்கு முன்னொட்டுகளின் அட்டவணை ஒன்று வேண்டும். கே என்றால் அமெரிக்கா என்று எழுதிவிட்டால் ஹவாய் தீவின் கேஎச்-6-ம் அலாஸ்காவின் கேஎல்-7-ம் அதில் கரைந்துவிடும். அமெச்சூர்கள் கணக்கில் அவை தனிப் பகுதிகள். பொருந்துகின்றவற்றுள் மிக நீளமானதையே எடு என்பது விதி. நம் நாட்டிலும் அப்படித்தான். வியு-2, வியு-3 என்பன உரிமத்தின் தரத்தைக் குறிப்பவை, இடத்தை அல்ல. வியு-4 என்றால் மட்டும் அந்தமான் நிக்கோபார். வியு-7 என்றால் இலட்சத்தீவு. அந்தமானிலிருந்து அமெச்சூர் ஒலிபரப்புக்கு அனுமதி கிடைப்பது அரிதாக இருந்தது. 2004 டிசம்பரில் ஒரு குழு போர்ட் பிளேரில் நிலையம் அமைத்து, உலகெங்குமிருந்து குவிந்த அழைப்புகளுக்கு விடை சொல்லிக் கொண்டிருந்தது. 26-ந் தேதி காலை பூமி அதிர்ந்தது, கடல் எழுந்தது. போட்டிக்கும் அட்டைக்குமாக வியு-4-ஐத் தேடிக் கொண்டிருந்தவர்களுக்கு, அதே குறியில் வந்தவை உயிரோடு இருப்பவர்களைப் பற்றிய செய்திகள். குழுவினர் பின்னர்க் கார் நிக்கோபாரிலும் நிலையம் அமைத்தனர்.

உங்கள் ஐந்து சீட்டுகள் இன்னும் மேசைமேல்தானே இருக்கின்றன? டபிள்யூ-1-ஏடபிள்யூ என்ற சீட்டை எடுத்து, நாம் செய்த திறவுகோலை அதன் பின்புறம் எழுதிப் பாருங்கள். எண் முன்னால் வரும், பின்னொட்டு அடுத்து வரும், டபிள்யூ கடைசிக்குப் போகும். தொடக்கத்தில் நிற்பது 1-ஏடபிள்யூ. கழகத்தைத் தொடங்கிய மாக்சிம், நாட்டு முன்னொட்டு பிறப்பதற்கு முன், 1920-களில் தம் ஹார்ட்ஃபோர்டு நிலையத்தில் தட்டிய குறி அதுவே. 1936-ல் அவர் மறைந்தபின் அவர் நினைவாகத்தான் அது தலைமை நிலையத்துக்கு வழங்கப்பட்டது.